வீட்டில் செங்கல் பீட்சா அடுப்பு: செலவை எங்கே வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கட்டடப் பொறியாளர். கோயம்புத்தூர்ப் பக்கம் வீடும் தோட்டத்து வீடும் கட்டித் தருவது என் தொழில். இப்போதெல்லாம் வீட்டு வரைபடத்தை விரித்ததுமே சிலர் கேட்கிறார்கள்: "சார், பின்னாடி ஒரு பீட்சா அடுப்பு வச்சுடலாமா?" தாராளமாக வைக்கலாம். வளைவு கட்டிப் பழகிய கொத்தனார் ஒருவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் இந்த அடுப்புக்குப் பணம் போடுகிறவர்களில் பலர் அதை வெளிப்பூச்சிலும் மொசைக் ஓட்டிலும் போட்டுவிடுகிறார்கள். காசு போக வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாத இடம். இன்றைய பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில், மின்சார ஓவன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் பீட்சா வேகப் பத்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் மாவிலிருக்கும் ஈரம் போய் ஓரமெல்லாம் வறண்டுவிடும். இத்தாலியின் நாப்போலி நகரத்துப் பீட்சாவோ 60 முதல் 90 விநாடிக்குள் வெளியே வந்துவிடுகிறது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பீட்சாவைப் பாரம்பரியச் செய்முறை உணவாகப் பதிவு செய்தபோது இந்த நேரக் கணக்கையும் விதியாகவே எழுதிவைத்தது. விறகு அடுப்புதான் வேண்டும், உள்ளே 430 முதல் 485 டிகிரி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

250-க்கும் 450-க்கும் இருநூறு டிகிரிதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் சூடான ஒரு பரப்பிலிருந்து வரும் கதிர்வீச்சு, வெப்பநிலை ஏற ஏற நான்காம் அடுக்கில் ஏறும். கணக்குப் போட்டால் 450 டிகிரியில் இருக்கும் செங்கல் கூரை, 250 டிகிரிக் கூரையைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு வெப்பத்தைக் கீழே பொழிகிறது. அடியில் கல் சுடுகிறது, மேலே தீநாக்கு கூரையைத் தடவிக்கொண்டு போகிறது, கூரை முழுவதும் கதிர் வீசுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் மேலே கருக்குப் பொட்டு விழும்போது உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது.

சரி, வடிவத்துக்கு வருவோம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பாம்பேய் ஊரைத் தோண்டியபோது ரொட்டிக் கடைகள் பல கிடைத்தன. அவற்றில் செங்கல் குவிமாட அடுப்புகள் இன்றும் நிற்கின்றன. நாப்போலிக்கு மிகப் பக்கத்து ஊர் அது. உள்ளே தரை வட்டம், மேலே குவிமாடம், முன்னால் ஒரே வாய் என்ற அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. குடும்பத்துக்கு உள்விட்டம் 90 சென்டிமீட்டர், அதாவது மூன்றடி போதும். அரைக்கோளமாகக் கட்டினால் உள்ளுயரம் 18 அங்குலம் வரும். வாயின் உயரம் அதில் சுமார் 63 சதவீதம் இருக்க வேண்டும். அப்படியானால் 11 அங்குலத்துக்குச் சற்று மேல். வாய் இதைவிட உயர்ந்தால் சூடு வெளியே ஓடும். ரொம்பத் தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறும்.

புகைபோக்கியை எங்கே வைப்பது என்பதில்தான் கொத்தனாரோடு வாக்குவாதம் வரும். "ஏன் சார், புகை மேலதானே போகும்? உச்சியில ஒரு ஓட்டை விட்டுட்டா முடிஞ்சது!" என்பார்கள். சமையலறை அடுப்புக்கு அது சரி. இங்கே உச்சியில் ஓட்டை விட்டால் புகையோடு நம் சூடும் போய்விடும். புகைபோக்கி குவிமாடத்துக்கு வெளியே, வாய்க்கு முன்னால் இருக்க வேண்டும். அப்போது வாயின் கீழ்ப்பாதி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே போகும். சூடான புகை கூரையைச் சுற்றி வந்து, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, வாயின் மேல்பாதி வழியாக வெளியேறிப் புகைபோக்கியில் ஏறும். வாய் ஒன்றுதான், போக்கும் வரவும் அதிலேயே. ஒரு தடவை தீ மூட்டிக் காட்டிவிட்டால் கொத்தனாரே அடுத்த வீட்டுக்காரருக்கு இதைப் பாடம் நடத்துவார்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. மொட்டை மாடியில் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடியை இந்தியத் தர விதிப்படி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற சுமைக்குத்தான் கணக்கிடுகிறோம். மூன்றடி அடுப்பின் குவிமாடம் மட்டுமே 400 கிலோவை நெருங்கும். தரைக்கல், மேல்பூச்சு, கீழே தாங்கும் மேடை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். தரையில் கட்டுங்கள். தனி அடித்தளம் போட்டு, இடுப்புயரத்துக்கு மேடை எழுப்பி, மேலே நாலைந்து அங்குல காங்கிரீட் பலகை போட்டால் அதன்மேல் எதையும் கட்டலாம்.

இனி முக்கியமான விஷயம். அந்தக் காங்கிரீட் பலகைமேல் நேராகச் செங்கல்லைப் பரப்பினால் அடுப்பு ஒருநாளும் சரியாகச் சூடேறாது. நீங்கள் போடும் விறகெல்லாம் காங்கிரீட்டைச் சூடாக்கவே போய்விடும். முதல் பீட்சா நன்றாக வரும். மூன்றாவதன் அடி வெளுத்துக் கிடக்கும். எத்தனையோ அழகான அடுப்புகள் இந்த ஒரு காரணத்தால் செடித்தொட்டி வைக்கும் மேடையாகிவிட்டன. நடுவே வெப்பத் தடுப்பு அடுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். 5 சென்டிமீட்டர் கால்சியம் சிலிக்கேட் பலகை போடலாம். விலை அதிகம் என்றால் வெர்மிகுலைட் ஐந்து பங்கு, சிமெண்ட் ஒரு பங்கு கலந்து நான்கு அங்குலத்துக்குப் போடலாம்.

வெர்மிகுலைட் நம் ஊர்ச் சரக்குதான். திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் சுரங்கத்திலிருந்து எடுக்கிறார்கள். அபிரகம் போல ஏடு ஏடாக இருக்கும் கனிமம். சூடாக்கினால் ஏடுகளுக்கு நடுவே இருக்கும் நீர் ஆவியாகி, அரிசி பொரிவதுபோல உப்பிவிடும். உள்ளே முழுக்கக் காற்று நிற்பதால் வெப்பம் கடக்க முடியாது. ஒரு மூட்டையை ஒரு கையால் தூக்கலாம், அவ்வளவு லேசு.

குவிமாடத்துக்கு வெளியேயும் இதே கவனிப்பு வேண்டும். தொழிற்சாலை உலைகளுக்குப் போடும் செராமிக் ஃபைபர் கம்பளி, ஓர் அங்குலத் தடிமனில் சுருளாக விற்பார்கள். இரண்டு மூன்று சுற்றுப் போர்த்துங்கள். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். அந்த இழை நுரையீரலுக்கு ஆகாது. அதன்மேல் வெர்மிகுலைட் பூச்சு, அப்புறம்தான் வெளிப்பூச்சு. இவை எதுவுமே முடிந்த அடுப்பில் கண்ணுக்குத் தெரியாது. பட்ஜெட்டைக் குறைக்க வேண்டுமென்றால் மொசைக் ஓடுகளை விடுங்கள், நிறத்தை விடுங்கள், இதை மட்டும் விடாதீர்கள்.

கல் விஷயத்தில் அவ்வளவு பயப்பட வேண்டாம். ஃபயர் பிரிக் எனப்படும் உலைக்கல் ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும். நமக்கு வேண்டியது 500. அதனால் கூரைக்கு நன்றாக வெந்த, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் நாட்டுச் செங்கல்கூடப் போதும் என்பது என் எண்ணம். ஆண்டுகள் போகப்போக அங்கங்கே பொரிந்து உதிரலாம், அவ்வளவுதான். தரைக்கு மட்டும் ஃபயர் பிரிக்கே போடுங்கள். மாவு படும் இடம், விறகு உரசும் இடம். கடப்பாக்கல் மிச்சமிருக்கிறது, கிரானைட் துண்டு இருக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரடித் தீயில் அவை வெடித்துச் சில்லு தெறிக்கும்.

தரைக்கல்லைக் கலவை வைத்து ஒட்டக் கூடாது. மெல்லிய மணல் படுகைமேல் நெருக்கமாக, குறுக்குச் சாய்வாக அடுக்கினால் போதும். சூடேறும்போது மூன்றடித் தரை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். அதற்கு வழி வேண்டும். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் எடுத்து மாற்றவும் முடியும்.

கூரைக்கான கலவையில் வெறும் சிமெண்ட் சாந்து நிற்காது. 400 டிகிரியைத் தாண்டியதும் சிமெண்ட் பிடிப்பை இழக்கத் தொடங்கும். சலித்த மணல் மூன்று பங்கு, சிமெண்ட், சுண்ணாம்பு, ஃபயர் கிளே எனப்படும் உலைக்களிமண் ஒவ்வொரு பங்கு. வீட்டில் கட்டுபவர்கள் உலகமெங்கும் பின்பற்றும் கணக்கு இது. சிமெண்ட் முதல் சில நாள் தாங்கிப் பிடிக்கும், பின்னால் சுண்ணாம்பும் களிமண்ணும் பார்த்துக்கொள்ளும்.

குவிமாடம் கட்டச் சாரமோ சென்ட்ரிங்கோ வேண்டியதில்லை. தரையின் நடுவில் எல்லாப் பக்கமும் திரும்பும்படி ஒரு கம்பியைப் பொருத்தி, அதன் நுனி தொடும் இடத்தில் பாதிச் செங்கல்லை வைத்துக்கொண்டே வட்டம் வட்டமாக ஏற வேண்டும். ஒரு வட்டம் மூடிக்கொண்டால் அது தன்னைத் தானே தாங்கும். மேல் வட்டங்களில் சாய்வு அதிகமாகும்போது கல் வழுக்கும். கலவை பிடிக்கும்வரை ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்தால் நிற்கும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டில் இப்படிச் சாரமில்லாமல் வளைவும் குவிமாடமும் கட்டப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறார்கள். அங்கே படித்த கொத்தனார் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கட்டி முடித்த மறுநாளே நண்பர்களைக் கூப்பிட்டுப் பெருந்தீ மூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கலவைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் கூரையைப் பிளந்துகொண்டு வரும். ஒரு வாரமாவது நிழலில் உலரவிட்டு, பிறகு சுள்ளித் தீயில் ஆரம்பித்து நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முடியளவு விரிசல் விழத்தான் செய்யும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

விறகுக்குச் சவுக்கு நல்லது. சீமைக் கருவேலமும் கனமான மரம், நின்று எரியும், வெட்டி எடுத்தால் ஊருக்கும் உபகாரம். எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் கூடவே கூடாது. தீ மூட்டியதும் கூரை கரிபிடித்துக் கறுப்பாகும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் கல் 350 டிகிரியைத் தாண்டும்போது அந்தக் கரியே எரிந்துபோய்க் கூரை மறுபடி வெளுக்கும். அதுதான் அடையாளம். தீக்கங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, தரையைத் துடைத்து, பீட்சாவை வையுங்கள். சர்க்கரை சேர்த்த மாவை இந்தச் சூட்டில் வைத்தால் வேகும் முன்பே கருகிவிடும். மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் போதும்.

ஊட்டி வர்க்கிக்கும் யாழ்ப்பாணத்துப் பாண் ரொட்டிக்கும் விறகு அடுப்பே பழைய வழி. ரொட்டி சுடுகிறவர்கள் தீயை முழுவதும் வாரி எடுத்துவிட்டு, கல்லில் நிற்கும் சூட்டில் மட்டும் சுடுவார்கள். உங்கள் அடுப்பிலும் அதைச் செய்யலாம். இரவு பீட்சா முடிந்ததும் வாயை மூடிவிட்டால், தடுப்பு அடுக்கு ஒழுங்காக இருக்கும் அடுப்பு மறுநாள் காலையிலும் 200 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். ரொட்டி சுடலாம், அது முடிந்ததும் நிலக்கடலை வறுக்கலாம்.

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பற்றவைக்காமல் கிடந்த அடுப்பில் ஈரம் ஏறியிருக்கும். அப்போது மீண்டும் சுள்ளித் தீயிலிருந்தே தொடங்குங்கள். மேலே ஒரு தகரக் கூரை போட்டுவிட்டால் அந்த வேலை பாதியாகக் குறையும்.

வணக்கம்.