பெயரை மாற்றினால் படம் மாறிவிடுமா? பட வடிவங்களைப் பிரிக்கும் இரண்டு கேள்விகள்

வணக்கம். ஒரு ஜேபெக் படத்தின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை அழித்து, பிஎன்ஜி என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் அதை முன்போலவே திறந்து காட்டும். அவை பெயரை நம்பாமல், கோப்பின் தொடக்கத்தில் உள்ள எண்களைப் படிப்பதே இதற்குக் காரணம். ஜேபெக் கோப்பு 255, 216 என்ற பைட்டுகளோடு தொடங்கும். பிஎன்ஜி கோப்பு 137, 80, 78, 71 என்று தொடங்கும், அவற்றுள் கடைசி மூன்றும் பி, என், ஜி ஆகிய எழுத்துகளுக்குரிய எண்கள்.

ஆகவே, பட வடிவங்களை வகைப்படுத்த நாம் கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள்: படம் எப்படிப் பதிவாகிறது? பதிவாகும்போது எதை இழக்கிறது?

முதல் கேள்வியை விரைவில் முடித்துவிடலாம். எஸ்விஜி போன்ற வெக்டர் வடிவங்கள் கோடுகளையும் வளைவுகளையும் கணக்குகளாகச் சேமிப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரங்கள் சிதையமாட்டா. ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப் ஆகியவை படத்தைப் பிக்சல் என்னும் சிறு நிறப் புள்ளிகளாகச் சேமிக்கும் ராஸ்டர் வடிவங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வரும்போதுதான் 1992ஆம் ஆண்டின் தரநிலையான ஜேபெக்கின் அழகு தெரிகிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் காணும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுணுக்கமாகக் காண்பதில்லை. இதை அறிந்த ஜேபெக், ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை ஒரு வெளிச்ச எண்ணாகவும் இரண்டு நிற எண்களாகவும் மாற்றுகிறது. பிறகு, பரவலாகக் கையாளப்படும் முறையில், வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியே வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சல்களுக்குப் பொதுவாக்குகிறது. நான்கு பிக்சல்களுக்குத் தேவைப்பட்ட 12 எண்கள் இப்போது ஆறு! தரவில் பாதி போய்விட்டது. ஒரு முகத்தின் புகைப்படத்தைப் பார்ப்பவருக்கு அது தெரிவதே இல்லை. கணினித் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த உத்திகளுள் இதுவும் ஒன்று.

அதோடு நிற்காமல், படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்கிவிடுகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள கூர்மையான ஓரமும் அத்தகைய நுண்ணிய மாற்றங்களால் ஆனதுதான் என்பதால், எழுத்துகள் நிறைந்த ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக்காகச் சேமித்தால் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும். தயவுசெய்து ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பிஎன்ஜியாகவே சேமியுங்கள். ஜேபெக்கைப் பிற்பாடு பிஎன்ஜியாக மாற்றினாலும் இழந்தது திரும்பாது. பெரும்பாலும் கோப்பின் அளவுதான் கூடும்.

எதையும் இழக்காமல் கோப்பைச் சிறிதாக்கும் இழப்பற்ற சுருக்கத்தில், பிஎன்ஜியைவிட 1987இன் ஜிஃப் மூத்தது. ஆனால் ஒரு சட்டகத்துக்கு (அசையும் படத்தின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும்) 256 நிறங்களே என்பதால், புகைப்படத்தை அதற்குள் அடக்கும்போதே நிறங்கள் போய்விடும். அதன் சுருக்க முறைக்கிருந்த காப்புரிமைச் சிக்கலால் பிறந்து, 1996இல் வந்த பிஎன்ஜிக்கு அந்த நிறக் குறை இல்லை.

கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி (WebP) வடிவமோ இன்று இழப்போடும் இழப்பின்றியும் என இரண்டு வகையிலும் இயங்குகிறது. அதில் சேமிக்கும் முன் மென்பொருளின் அமைப்பில் ‘இழப்பற்ற’ என்ற தெரிவைப் பாருங்கள். அது குறிக்கப்படாமல் இருந்தால், உங்கள் ஸ்கிரீன்ஷாட்டின் எழுத்துகள் அங்கேயும் மங்கக்கூடும்.