சிவப்புப் புழுவும் வேப்பங்கொட்டையும்

நேயர்களுக்கு வணக்கம். குடமுருட்டி ஆற்றில் முறை மாறி எங்கள் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டால், அங்கங்கே குட்டை தேங்கும். அந்தச் சேற்றில் ஒரு கை அள்ளிப் பாருங்கள். நூலிழை போலச் சிவந்த புழுக்கள் நெளியும். கொசுவின் சாயலில் இருந்தும் கடிக்காத கைரோனோமஸ் பூச்சியின் இளம்பருவம் அது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் அதற்கும் அந்த நிறத்தைத் தருகிறது.

ஹார்மோன் மரபணுவை எப்படி இயக்குகிறது என்ற உயிரியலின் பெரிய கேள்விக்கு இந்த இனப் புழுவிடம் விடை கிடைத்தது. அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் மிகப் பெரியவை. சாதாரண நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும். கிளெவர், கார்ல்சன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள், தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோனை அந்தப் புழுவுக்குள் செலுத்திப் பார்த்து 1960இல் எழுதினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் குரோமோசோமில் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் நெற்பொரியாக உப்பின. உப்பிய இடத்தில் மரபணு திறந்து, அதன் செய்தி நகலான ஆர்.என்.ஏ. உருவாகிறது.

அப்படியானால் எக்டைசோனைச் சுரக்கச் சொல்வது யார்? மூளைதான். தென் அமெரிக்காவில் ரோட்னியஸ் என்று மூட்டைப்பூச்சி போல ரத்தம் குடிக்கும் பூச்சி ஒன்று உண்டு. வயிறு புடைக்க ரத்தம் குடித்தால்தான் அது தோலுரிக்கும். 1930களில் விக்கிள்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் அதன் நரம்புத் தண்டை வெட்டிப் பார்த்தார். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்டவில்லை, தோலும் உரியவில்லை. சேதி எட்டினால் மூளையின் நரம்புச் செல்கள் ஒரு ஹார்மோனை விடுகின்றன. அது பூச்சியின் முன்மார்பில் உள்ள சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கிருந்து எக்டைசோன் ரத்தத்தில் கலந்து தோல் செல்லின் உட்கரு வரை போய் மரபணுவைத் திறக்கிறது. தலையில் பிறந்த கட்டளை வால்நுனிச் செல்லில் ஆர்.என்.ஏ. ஆகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் இந்தச் சங்கிலியில்தான் கை வைக்கிறது. மூளை ஹார்மோன் வெளிவருவது தடைப்பட்டு எக்டைசோன் குறைகிறது. அதனால் பயிரைத் தின்னும் புழு உடனே செத்து விழாது; தோலுரிக்கும் நேரத்தில்தான் சிக்கும். அடித்த மறுநாளே வயலைப் பார்த்துவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்று கடைக்கு ஓடாதீர்கள். ஏக்கருக்குப் பத்துக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, இருநூறு லிட்டர் நீராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். சில நாள் கழித்துச் சுருண்ட நெல்லிலை ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: பழைய தோல் பாதி கழன்று, மீதியை உரிக்க முடியாமல் புழு ஒடுங்கிக் கிடக்கும்.