தக்காளிக்கு நிதானம், கோழிக்கு அளவான நெருப்பு

வணக்கம்.

தக்காளி சாஸில் சிக்கன் உருண்டை. இரவுச் சாப்பாட்டுக்கு ஆசையாகச் செய்கிறோம். நிறம் வருகிறது, வாசனை வருகிறது, வாயில் வைத்தால் மட்டும் ரப்பராக இருக்கிறது. இல்லையென்றால் சாஸில் போட்டதும் உடைந்து கொத்துக்கறிக் குழம்பாகிவிடுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மாட்டிறைச்சிக்கும் ஆட்டுக்கறிக்கும் ஏற்பட்ட முறையை அப்படியே கோழிக்குப் போடுகிறோம். கோழி வேறு கறி. அதற்குக் கணக்கு வேறு.

இந்தப் பண்டம் இத்தாலிய வீடுகளின் சமையல். அங்கே பெரும்பாலும் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்து செய்வார்கள். நூடுல்ஸ் போன்ற ஸ்பகெட்டியின் மேல் பெரிய உருண்டைகளைக் குவித்து வைப்பது அமெரிக்காவுக்குக் குடியேறிய இத்தாலியர்கள் வளர்த்த பழக்கம். இத்தாலியில் உருண்டையும் சாஸும் தனிச் சாப்பாடு, தொட்டுக்கொள்ள ரொட்டி. அப்ருஸ்ஸோ பகுதியின் தேராமோவில் பாஸ்தாவோடு உருண்டை உண்டு, ஆனால் அது கடலையளவு சின்னது. இந்தச் சமையலில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களுடைய மசாலாவை அல்ல, மிஞ்சிய ரொட்டியை ஊறவைத்துக் கறியில் சேர்க்கும் வழக்கத்தை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கறி. பன்றியிலும் மாட்டிலும் கொழுப்பு உண்டு, வேக வேக இளகும் சவ்வும் உண்டு. அதனால் அந்த உருண்டைகள் ஒரு மணி நேரம் சாஸில் கிடந்தாலும் மெதுவாகவே இருக்கும். கோழியின் நெஞ்சுக்கறியில் இவை இரண்டும் மிகக் குறைவு. எனவே தொடைக்கறியை வாங்குங்கள். எலும்பில்லாமல் 500 கிராம் வேண்டும். எலும்போடு வாங்கினால் தோல் உரித்த லெக் பீஸ் 800 கிராம் பிடிக்கும். எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டால் சாஸைத் தளர்த்த நல்ல சாறு கிடைக்கும். நெஞ்சுக்கறிதான் இருக்கிறது என்றால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். நாட்டுக்கோழி இதற்கு வேண்டாம். அதன் அருமை நீண்ட நேரம் கொதிக்கும் குழம்பில் இருக்கிறது, பதினைந்து நிமிட வேலையில் இல்லை.

கோழிக்கடையில் கைமா போட்டுத் தருவார்கள். ஆனால் அந்த இயந்திரத்தில் அதற்கு முன் எது அரைபட்டது, எப்போது கழுவினார்கள் என்பது நமக்குத் தெரியாது. மிக்ஸியிலேயே நன்றாக வரும், ஒரு நிபந்தனையோடு: கறி குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி, ஃப்ரீஸரில் 30 நிமிடம் வையுங்கள். ஓரம் விறைக்க வேண்டும், நடு உறையக் கூடாது. பிறகு 150 கிராம், 150 கிராமாகப் போட்டு, விட்டுவிட்டு நான்கைந்து சுற்று. தொடர்ந்து ஓடவிட்டால் பிளேடின் சூட்டில் கொழுப்பு இளகி, கறி பசையாகிவிடும். அந்தப் பசையில் செய்த உருண்டை எதைச் செய்தாலும் மெதுவாகாது. மிளகளவு துண்டுகள் தெரிகிறபோதே நிறுத்துங்கள்.

கழுவுவது பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். கழுவுவதால் கிருமி போவதில்லை, தெறிக்கிற தண்ணீரில் தொட்டியும் பக்கத்துப் பாத்திரமும் கெடுகின்றன. மஞ்சள் தூள் தடவினாலும் அது வேக வைப்பதற்கு ஈடாகாது. எலும்புத் துணுக்கு, இரத்தக் கட்டி இருந்தால் எடுத்துவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றுங்கள். மனம் கேட்காமல் கழுவத்தான் வேண்டுமென்றால், தண்ணீரை மெல்லத் திறந்து, முழுத் துண்டாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே வெட்டுங்கள். அரைத்த கறியைக் கழுவவே கூடாது. உருண்டை உடைவதற்கு அந்தத் தண்ணீர் ஒன்றே போதும்.

இப்போது அந்த ரொட்டி. ஓரம் நீக்கிய சாதாரண சாண்ட்விச் பிரெட் 50 கிராம், அதாவது இரண்டு துண்டு. இனிப்பான பால் பிரெட் சரிவராது. பிய்த்துப் போட்டு 80 மில்லி பால் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கட்டியில்லாமல் கையால் மசியுங்கள். பிழியத் தேவையில்லை. இது வெறுமனே கறியைப் பெருக்கிக் காட்டச் சேர்க்கும் பொருள் என்று நினைக்கிறார்கள், அப்படியல்ல. கறி வேகும்போது அதன் புரதம் ஒன்றோடொன்று இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். ஊறிய மாவுப்பொருள் இடையில் புகுந்து அந்த இறுக்கத்தைத் தடுக்கிறது, வெளியேறப் பார்க்கும் சாற்றையும் பிடித்துக்கொள்கிறது.

செட்டிநாட்டுக் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு போடுகிறோமே, அதையே போட்டால் என்ன? கோலா உருண்டை எண்ணெயில் பொரித்து மொறுமொறுவென்று சாப்பிடுவது. காய்ந்த மாவு ஈரத்தை இழுத்து உருண்டையை இறுக்கும், அங்கே அதுதான் தேவை. இங்கே கரண்டியால் அழுத்தினால் பிளக்கும் மென்மை வேண்டும். ஏற்கெனவே ஊறிய ரொட்டி கறிக்கு ஈரம் தரும்; காய்ந்த மாவு கறியிடமிருந்து ஈரத்தைப் பிடுங்கும். பால் ஆகாதவர்கள் எலும்புச் சாற்றில் ஊறவைக்கலாம்.

வெங்காயத்தைப் பச்சையாகப் போடாதீர்கள். நடுத்தரமான ஒன்றை மிகப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, முழுக்க ஆறவிடுங்கள். பச்சை வெங்காயம் வேகும்போது தண்ணீர் விடும். அது இருக்கும் இடத்தில் உருண்டை விரியும். இத்துடன் நசுக்கிய பூண்டு மூன்று பல், ஒரு முட்டை, மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி, லேசாக இடித்த சோம்பு அரைத் தேக்கரண்டி, நறுக்கிய கொத்தமல்லி ஒரு கைப்பிடி. சோம்பு நம்முடைய திணிப்பு அல்ல. தெற்கு இத்தாலியின் தொத்திறைச்சிகளில், அதாவது சாசேஜ்களில், அது முக்கியமான வாசனை. பார்மசான் சீஸ் கிடைத்தால் துருவி 40 கிராம். சீஸ் போட்டால் உப்பு முக்கால் தேக்கரண்டி, போடாவிட்டால் தலை தட்டி ஒரு தேக்கரண்டி. இரண்டாவது முட்டை சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்கரு கூடினால் கடினம்தான் கூடும்.

உப்பைப் போடும் நேரம் முக்கியம். உப்பு பட்டதும் கறியின் புரதம் கரைந்து ஒட்டத் தொடங்கும். உப்புப் போட்ட கைமாவை ஐந்து நிமிடம் அடித்துப் பிசைந்தால் தொத்திறைச்சிக்குரிய இழுவை வந்துவிடும். எனவே ரொட்டி, முட்டை, வெங்காயம், மசாலா, உப்பு எல்லாவற்றையும் முதலில் தனியாகக் கலந்துகொண்டு, கறியைக் கடைசியில் சேருங்கள். விரல்களை விரித்து, புரட்டிப் புரட்டி ஒரு நிமிடம். வெள்ளைக் கோடுகள் மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பச்சையாக ருசி பார்க்க வேண்டாம். நெல்லிக்காயளவு எடுத்துத் தட்டி, வாணலியில் வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். உப்பைத் திருத்த அதுதான் கடைசி வாய்ப்பு. கலவையை 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு, 30 கிராம் உருண்டைகளாக உருட்டுங்கள். இருபத்துநான்கு வரும், நான்கைந்து பேருக்குப் போதும். அளவு ஒன்றாக இல்லையென்றால் சின்னது காய்ந்துபோகும், பெரியது வேகாமல் இருக்கும்.

சாஸ் இதற்கெல்லாம் முன்பே அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். பாட்டிலில் வரும் இனிப்புச் சாஸை மறந்துவிடுங்கள், ஒரு கிலோ பழுத்த தக்காளி எடுங்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் தண்ணீரும் அதிகம். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், ருசி கொஞ்சம் மந்தம். முக்கால் கிலோ பெங்களூர், கால் கிலோ நாடு என்று கலந்தால் இரண்டின் குணமும் கிடைக்கும். அடியில் கீறி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் தோல் உரிந்து வரும். விதையை எடுக்காதீர்கள். அதைச் சுற்றியுள்ள வழுவழுப்பில்தான் தக்காளியின் ஆழ்ந்த ருசி அதிகம். மிக்ஸியில் பச்சையாக அடித்தால் காற்று ஏறி நிறம் வெளிறும். துண்டாக வேகவைத்துப் பருப்பு மத்தால் கடைந்தால் போதும், சாஸுக்குக் கொஞ்சம் சதைப்பற்றும் இருக்கும்.

எவர்சில்வர் அல்லது எனாமல் பூசிய அகலப் பாத்திரம் நல்லது. இரும்பிலும் அலுமினியத்திலும் தக்காளிப் புளிப்பு உலோக ருசியை இழுத்துவிடும். ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. இல்லையென்றால் வாசனையற்ற ஏதாவது ஒரு சமையல் எண்ணெய். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இங்கே தக்காளியை மூடிவிடும். நறுக்கிய பூண்டு நான்கு பல், கிள்ளிய காய்ந்த மிளகாய் ஒன்று, சிறு தீ. பூண்டு பழுப்பானால் சாஸ் முழுவதும் கசக்கும், ஓரம் பொன்னிறமாகும்போதே தக்காளியைக் கொட்டுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டி. மூடாமல், மிதமான தீயில் 35 முதல் 40 நிமிடம். பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் கோடு இழுத்தால் இரண்டு நொடி நிற்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பிறகு சரிசெய்ய முடியாது, ஏனென்றால் உருண்டை விழுந்த பிறகு அதுவும் சாறு விடும். புளிப்பு தூக்கலாக இருந்தால் முதலில் அரைத் தேக்கரண்டி சர்க்கரை. அப்போதும் அடங்கவில்லையென்றால் விரல் நுனியால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. நுரைத்து அடங்கியதும் ருசி பாருங்கள். கை தாராளமானால் சோப்பு ருசி வந்துவிடும்.

உருண்டையின் வெளிப்புறம் சிவப்பது ருசிக்காக, வேகுவதற்காக அல்ல. கனமான வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான தீக்குச் சற்று மேல். எட்டெட்டாகப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் ஆவி கிளம்பி அவியத் தொடங்கிவிடும், சிவக்காது. முதல் இரண்டு நிமிடம் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் சிவக்கவில்லை என்று பொருள். சிவந்தால் தானாக விடும். உடைவதில் பாதி, அவசரப்பட்டுப் புரட்டுவதால். இரண்டு மூன்று பக்கம் சிவந்ததும் எடுத்துவிடுங்கள், உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். வாணலியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கால் டம்ளர் எலும்புச் சாறு விட்டுச் சுரண்டிச் சாஸில் ஊற்றுங்கள். அதை விட்டுவிட்டால் பாதி ருசியைக் கழுவுத் தொட்டியில் கொட்டினதாகும்.

இனித்தான் கோழிக்குரிய கணக்கு. உருண்டைகளைச் சாஸில் ஒரே அடுக்காக இறக்கி, பாதி மூடி, சின்னச் சின்னக் குமிழ் மட்டும் வரும் தீயில் 12 முதல் 15 நிமிடம். தளதளவென்று கொதிக்கவிட்டால் கறி இறுகும், சாறு வெளியேறும். கரண்டி போடாமல் பாத்திரத்தின் காதைப் பிடித்து அசைத்துக்கொடுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை ஒவ்வொன்றாகத் திருப்பினால் போதும். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாதுகாப்பு. உணவு வெப்பமானி வாங்குவது வீண் செலவல்ல, நிறத்தை மட்டும் நம்ப முடியாது. அது இல்லாதவர்கள் இருப்பதிலேயே பெரிய உருண்டையை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் கண்ணாடி போன்ற பளபளப்போ கலங்கிய சாறோ தெரிந்தால் இன்னும் மூன்று நிமிடம். வெந்த பிறகு ‘ஊறட்டும்’ என்று அரை மணி நேரம் அடுப்பிலேயே விடும் பழக்கம்தான் பலருடைய உருண்டையைக் கெடுக்கிறது. ஊற வேண்டுமானால் அடுப்பை அணைத்து, மூடி, ஐந்து நிமிடம்.

இறக்கும்போது துளசி போடாதீர்கள், அதன் காரம் வேறு. இத்தாலியர் போடும் பேசில் நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம்தான், சப்ஜா விதை தருகிற அதே செடி. நம்மூர் வகையின் வாசம் சற்று மாறுபடும் என்பதால் நான்கைந்து இலையில் தொடங்குங்கள். எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் ஆறே முக்காலுக்குத் தக்காளி அடுப்பில் இருக்க வேண்டும். ஃப்ரீஸரில் வைக்கும் கறியும் அதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். கூடச் சாப்பிட ரொட்டிதான் முதல் தேர்வு, அடுத்து பாஸ்தா. சப்பாத்திக்கும் ஒத்துப்போகும்.

மிக்ஸி ஜாரைப் பற்றி ஒரு வார்த்தை. பிளேடுக்கு அடியிலும் மூடியின் வாஷரிலும் கறி ஒட்டியிருக்கும். வாஷரைக் கழற்றி, சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்க்காமல் மறுநாள் சட்னி அரைத்தால் பச்சைக் கறியின் கிருமி சட்னிக்குப் போகும். வெட்டிய பலகைக்கும் கைக்கும் இதே விதி.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். 32 டிகிரியைத் தாண்டும் கோடையில் ஒரு மணி நேரம்தான். ஆழமான பாத்திரத்தில் நடு ஆறவே ஆறாது, அகலமான டப்பாவில் பரப்புங்கள். மூன்று நாள் நன்றாக இருக்கும். சூடாக்கும்போது கால் டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் வைத்து, சாஸ் குமிழ் விட்டு உருண்டையின் நடுவிலும் ஆவி பறக்கும்வரை விடுங்கள். ஒரு முறை சூடாக்கியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். தேவையானதை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்குங்கள்.