7.5 எச்பி போட்டாலும் ஏறாதுங்க!

வணக்கமுங்க. சத்தம் கேக்குதுங்களா? ஆடிக் காத்துங்க, காங்கயம் பக்கம் இப்ப இப்படித்தான் அடிக்கும். நம்ம தோட்டத்துக் கெணத்து மேட்டுல நிக்கறேன். கீழ பாருங்க, கேமராவ எட்டிக் காட்டறேன்... தண்ணி தெரியுதா? கயித்துல கல்லு கட்டி அளந்தேன். மேல் திட்டுல இருந்து 36 அடி. நேத்து வரைக்கும் மோட்டாரு அந்தத் திட்டுலதான் இருந்துச்சு. ஓடும், தண்ணி மட்டும் வராது.

அப்பாரு, "கண்ணு, 5 எச்பிக்கு மூச்சு பத்தல, 7.5 போட்டுரு"ன்னாரு. கடைக்காரரும் ஆமாண்டாரு. அவருக்கென்னங்க, விக்கறவரு.

ஆனா மோட்டாரு தண்ணிய உறிஞ்சறதே இல்லைங்க. பைப்புக்குள்ள அழுத்தத்தக் கொறைக்குது, அவ்ளோதான். தண்ணிய மேல ஏத்தறது கெணத்துத் தண்ணி மேல உக்காந்திருக்கற காத்து. ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ எடை. அத வெச்சு 10.3 மீட்டர், அதாவது 34 அடி வரைக்குந்தான் தண்ணியத் தூக்க முடியும். அதுவும் கடல் மட்டத்துல, பைப்புக்குள்ள சுத்தமா ஒண்ணுமே இல்லீன்னா. பைப்பு உராய்வு, பைப்பு அடியில மாட்டற ஃபுட்வால்வு எல்லாம் போக, 25 அடி தாண்டுனாலே மல்லுக்கட்டுத்தான். ஊட்டியில காத்து லேசுங்கறதால கணக்குப்படியே 8 மீட்டர்கிட்டத்தான் வரும்.

1640கள்ல டோரிசெல்லின்னு ஒரு இத்தாலிக்காரரு கண்ணாடிக் குழாயில பாதரசத்த ஊத்திக் கவுத்துப் பாத்தாரு. 76 சென்டிமீட்டர் ஒசரத்துல நின்னுக்கிச்சு, வெளிக் காத்து அவ்ளோதான் தாங்குது. பாதரசம் தண்ணியவிட 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்க, 1033 சென்டிமீட்டர். அட, நம்ம கெணத்துக் கணக்கு!

போர்வெல்லுல இருக்கற சப்மெர்சிபிள் மோட்டாரு தண்ணிக்குள்ளயே கெடந்து கீழ இருந்து தள்ளுது. தள்ளறதுக்கு இந்த 34 அடிக் கணக்குக் கெடையாதுங்க.

அதனால நேத்து சங்கிலி போட்டு அதே 5 எச்பிய 18 அடி கீழ இருக்கற பழைய திட்டுக்கு எறக்கிட்டோம். தண்ணி ஏற வேண்டிய மொத்த ஒசரம் ஒரு அடி கூட மாறல. காத்து தூக்க வேண்டியது 18 அடியாக் கொறஞ்சுது, மோட்டாரு தள்ள வேண்டியது கூடிப்போச்சு. போடறேன் பாருங்க... (மோட்டார் சத்தம்) மொதல்ல புஸ்ஸுனு காத்து... ஆங், வந்துருச்சு!

இங்க வாங்க, சொட்டுநீர் லைன்ல உரம் கலக்கற வென்சுரி. நடுவுல இடுப்பு மாதிரி குறுகலா இருக்குதுங்களா? அதுல தண்ணி வேகமாப் போகும், போற எடத்துல அழுத்தம் எறங்கும். 1738லயே பெர்னூலின்னு ஒரு விஞ்ஞானி எழுதி வெச்சது. பக்கெட்டுல பொட்டாஷ் உரத்தக் கரைச்சு டியூப்ப விட்டிருக்கேன். ஒண்ணும் போகலியா? பக்கத்துல இருக்கற இந்த கேட் வால்வ முழுசாத் தொறந்து வெச்சா அப்படித்தான், தண்ணியெல்லாம் சுளுவான வழியில போயிரும். கொஞ்சம் திருகறேன்... இப்பப் பாருங்க, டியூப்புல கலங்கலா ஏறுது. இங்கயும் தள்ளறது பக்கெட்டு மேல இருக்கற காத்துதான்.

அப்பாரு வந்து பாத்துட்டாருங்க. "7.5 போட்டிருந்தா இன்னுங் கொஞ்சம் சேத்தி வந்திருக்கும்"கறாரு.