கடுகை விடச் சின்ன மூளை

தலைவர் அவர்களே, இந்த வாசகர் வட்டத்தை விடாமல் நடத்திவரும் செயலாளர் அவர்களே, நடவு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வேளாண்மைத் துறையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி ஐயா, மாடி அறையைத் திறந்துகொடுத்த நூலகர் ஐயா, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று என் அப்பத்தா அடிக்கடி சொல்லும். தேனீயின் மூளை கடுகை விடச் சின்னது, சுமார் ஒரு கன மில்லிமீட்டர். நமக்கு 8,600 கோடி நரம்பணுக்கள் என்றால் அதற்குச் சுமார் 10 லட்சம்தான். அந்த மூளைக்குள் நினைவு எப்படித் தங்குகிறது என்று பார்ப்பதிலேயே ஆயுளைச் செலவிட்டவர் ஜெர்மனியின் விஞ்ஞானி ராண்டோல்ஃப் மென்ட்ஸெல். 1940இல் பிறந்தவர், 1976 முதல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவரிடமிருந்து மூன்று விஷயம் சொல்கிறேன்: நினைவு எப்படிப் பதிகிறது, எங்கே பதிகிறது, எதனால் கெடுகிறது.

பதிவது இப்படி. ஒரு நிறத்தைக் காட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் தேனீ அதைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று முறை கொடுத்தால் இரண்டு வாரம் கழித்தும் மறப்பதில்லை. கற்ற கையோடு தேனீயைக் குளிரவைத்தால் மறந்துவிடும், சில நிமிடம் விட்டுக் குளிரவைத்தால் மறக்காது. புதுச் சுவரில் பூச்சு காய நேரம் வேண்டும் இல்லையா, அது போலத்தான்.

எங்கே என்பதற்கு வருமுன் என் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஆறு தேனீப் பெட்டிகள். கிணற்றுமேட்டு வேப்பமரத்தடியில் இருந்த ஒன்றை, எறும்புத் தொல்லை தாங்காமல், நல்ல மத்தியானத்தில் தூக்கி நாற்பது அடி தள்ளிக் கொய்யா மரத்தடியில் வைத்தேன். சரி, வேலை முடிந்தது என்று சாப்பிட உட்கார்ந்தால் வீட்டுக்காரம்மா கூப்பிடுகிறார். போய்ப் பார்த்தால், மேயப் போயிருந்த தேனீக்களெல்லாம் பழைய இடத்திலேயே, பெட்டி வாசல் இருந்த அதே உயரத்தில், வெறுங்காற்றில் சுற்றுகின்றன, காலில் மகரந்த மூட்டையோடு, இல்லாத வாசலுக்குள் நுழையப் பார்க்கின்றன. "வீட்டைக் காணோம்னு தவிக்குதுங்க, திருப்பி வைங்க" என்றார். வைத்தேன். கால் மணி நேரத்தில் ஒன்று விடாமல் உள்ளே போய்விட்டன. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!

இதையே மென்ட்ஸெல் குழு பெரிய அளவில் செய்தது. தேனீயின் முதுகில் சின்ன ஆண்டெனாவை ஒட்டி, பிடித்து வேறிடத்தில் விட்டு, ரேடாரில் பின்தொடர்ந்தார்கள். முதலில் தான் போக நினைத்திருந்த திசையிலேயே போகிறது, வீடு இல்லை, சுற்றித் தேடுகிறது, அப்புறம் ஒரு கட்டத்தில் திரும்பி நேராகக் கூட்டுக்கு வருகிறது. ஊரின் வரைபடம் போன்ற நினைவு அதற்குள் இருக்கிறது என்று 2005இல் எழுதினார்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். அதே சோதனையை 2014இல் இமிடாகுளோபிரிட் போன்ற நியோனிகோடினாய்டு மருந்துகளை, அதாவது பூச்சியின் நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லிகளை, சிறிதளவு ஊட்டிச் செய்தார்கள். முதல் நேர்கோட்டுப் பறத்தல் கெடவில்லை. வீடு திரும்பும் பகுதிதான் கெட்டது, திரும்பி வந்தவை குறைந்தன. தேனீ சாகவில்லை, வழியை மறந்தது. பெட்டிக்கு முன் பிணம் கிடக்காததால் மருந்துதான் காரணம் என்று நமக்குத் தெரிவதே இல்லை. இந்த வகையைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தையாமீதாக்சம் மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்துவிட்டது. நம் பருத்தியிலும் காய்கறியிலும் இமிடாகுளோபிரிட் அடிக்கிறோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நினைவு எங்கே பதிகிறது என்பதை மாணவர்கள் தனியாக வந்து கேளுங்கள், ஆசையாகச் சொல்கிறேன். இப்போது அதிகாரி ஐயாவிடமும் தலைவர் அம்மாவிடமும் கேட்பது இதுதான்: பூ எடுத்த பயிருக்கு இந்த வகை மருந்து வேண்டாம் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். வேறு மருந்து அடித்தே தீரவேண்டும் என்றால் பொழுது சாய்ந்து, தேனீ பெட்டிக்குள் போன பிறகு அடிக்கட்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.