ஒரே வாக்குச்சீட்டு: அமெரிக்கக் கட்சிகளும் கஞ்சாவும்

அவையோருக்கு வணக்கம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநில மக்கள் 2020 நவம்பர் 3 அன்று கையில் வாங்கிய வாக்குச்சீட்டிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன். குடியரசுக் கட்சியின் கோட்டை என்று பெயர் பெற்ற மாநிலம் அது. அன்று வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அதிபர் பதவிக்கு அக்கட்சியின் வேட்பாளர் டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே சீட்டில், வயதுவந்தோர் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டம் அனுமதிக்கலாமா என்றும் ஒரு கேள்வி இருந்தது; அதற்கு 54 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: நூற்றுக்குப் பதினாறு பேராவது டிரம்ப்பையும் கஞ்சாவையும் ஒருசேர ஏற்றிருந்தால் ஒழிய இந்தக் கணக்கு நேராகாது. ஆனால் அந்தக் கட்சியைச் சேர்ந்த ஆளுநரே அந்த முடிவை எதிர்த்த வழக்குக்குத் துணை நின்றார். மாநில அரசியலமைப்பில் செய்த அந்த ஒரே திருத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருப்பதாகக் காரணம் கூறி, மறுஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

குடியரசுக் கட்சியினர் கஞ்சாவுக்குப் பகை, ஜனநாயகக் கட்சியினர் அதற்கு நட்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நாட்டின் வரலாறு அவ்வளவு எளிதான கோட்டில் ஓடவில்லை என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

கஞ்சாவை நடைமுறையில் முடக்கிய 1937ஆம் ஆண்டின் வரிச்சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் ரூஸ்வெல்ட் ஜனநாயகக் கட்சிக்காரர். 1970இல் குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் காலத்தில் வந்த சட்டம் கஞ்சாவை ஹெராயினுடன் சேர்த்து, மருத்துவப் பயன் ஏதுமற்ற பொருள்களுக்குரிய முதல் அட்டவணையில் வைத்தது. அதே சட்டம் இந்தப் பொருளை ஆராய ஓர் ஆணையத்தையும் அமைத்தது. அதன் தலைவராக நிக்சன் தேர்ந்தெடுத்தவர் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர். அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். தன் சொந்தப் பயனுக்காகச் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று 1972இல் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. தாம் நியமித்தவரின் தலைமையில் வந்த அந்த அறிக்கையை நிக்சன் ஏற்கவில்லை. அரை நூற்றாண்டாக அந்நாட்டில் நடந்த கைதுகளை எண்ணும்போது, அன்று தள்ளப்பட்ட அந்த அறிக்கையே என் மனத்தை மிகவும் வருத்துகிறது.

நீதிமன்றத்திலும் கட்சிக்கோடு குழம்பியதைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. மருத்துவக் காரணங்களுக்காகக் கஞ்சாவைக் கலிபோர்னியா 1996இல் அனுமதித்திருந்தது. நோயுற்ற ஒரு பெண் தன் வீட்டில் வளர்த்த ஆறு செடிகளைக் கூட்டாட்சி அரசின் அதிகாரிகள் 2002இல் அழித்தார்கள். அவரும் இன்னொரு நோயாளியும் தொடுத்த வழக்கில், கூட்டாட்சி அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முற்போக்காளர் என்று பெயர் பெற்ற நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். மறுத்த மூவரான ஓ'கானர், ரென்குவிஸ்ட், தாமஸ் ஆகியோர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள். தாம் கலிபோர்னியக் குடிமகளாக இருந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு வாக்களித்திருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே, அப்படி ஒரு சட்டத்தைச் செய்துபார்க்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று ஓ'கானர் எழுதினார். கஞ்சா வேண்டுமா என்பதையும் அதை யார் முடிவுசெய்வது என்பதையும் அவர் பிரித்துப் பார்த்தார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி மக்கள் மனநிலைக்கு வருவோம். 1969இல் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் கேட்டபோது, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் 12 விழுக்காடு. ஒருமுறையேனும் புகைத்துப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 4 விழுக்காடு. 2023இல் ஆதரவு 70 விழுக்காட்டை எட்டியது. புகைத்துப் பார்த்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். நாட்டில் பாதிப்பேர் செய்த ஒன்றை ஒரு கட்சியின் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியினரிடம் ஆதரவு மிக உயர்ந்திருந்தது உண்மைதான். ஆயினும் குடியரசுக் கட்சியினரிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள்.

பயன்பாடு கட்சிகளைக் கடந்து பரவியது போலவே நிறத்தையும் கடந்தது. தண்டனை மட்டும் கடக்கவில்லை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் கஞ்சா பயன்படுத்தியபோதும், அதை வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைப்போல் 3.7 மடங்கு இருந்ததாக, 2010ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு மக்களின் அடிப்படை உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் (ACLU) காட்டியது. அந்தக் கைதுகள் இரு கட்சியினரும் ஆண்ட நகரங்களில் நடந்தவை.

இப்போது காற்று மீண்டும் திரும்புகிறது. 2025இல் கேலப் எடுத்த கணிப்பில் குடியரசுக் கட்சியினரிடையே ஆதரவு 40 விழுக்காடாகச் சரிந்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், கஞ்சாவை முதல் அட்டவணையிலிருந்து, மருத்துவப் பயன் உண்டென ஏற்கப்பட்டு, கட்டுப்பாடு குறைந்த பொருள்களுக்குரிய மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் பணியை விரைவுபடுத்த ஆணையிட்டவர், அந்தக் கட்சியைச் சேர்ந்த அதிபர் டிரம்ப். ஜனநாயகக் கட்சியின் பைடன் ஆட்சி 2024இல் முன்மொழிந்து முடிக்காமல் விட்டுச்சென்ற மாற்றம்தான் அது.