டயரின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றாலே பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும்தான் பேசுவார்கள். எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இந்த நேரத்தில் பெரும்பகுதியை நான் டயருக்கு ஒதுக்கப் போகிறேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பது என் தொழில். விடுமுறை நாட்களில் பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டுகிறேன். இரண்டுக்கும் இடையே என் மாணவர்கள் நினைக்கிற அளவுக்குத் தூரம் இல்லை.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களிடம் இருங்காட்டுக்கோட்டை என்று சொன்னால் அங்குள்ள கார் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். அதே ஊரில்தான் சென்னையின் பந்தயத் தடமும் இருக்கிறது. நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. இந்தத் தடம் வருவதற்கு முன்பு பந்தயங்கள் சோழவரத்தில் நடந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. நேயர்களில் அறுபதைக் கடந்தவர்கள் சிலர் அங்கே வெயிலில் நின்று பார்த்திருப்பீர்கள். விமானத்துக்காகப் போட்ட தளத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வேகம் கிடைக்கும். ஆனால் வளைவுகள் பந்தயத்துக்கென்று வரைந்தவையாக இருக்காது. 1990ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்ட பிறகுதான் வளைவை வளைவாகவே எண்ணி வரைந்த ஒரு தடம் நம் ஊருக்குக் கிடைத்தது.

இனி டயருக்கு வருகிறேன். ஓடுகிற மோட்டார் சைக்கிளில் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வண்டியை நிறுத்துவது, திருப்புவது, முன்னே தள்ளுவது எல்லாம் இந்த இரண்டு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஒரு டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அதை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்குச் செலவழித்தது போக மிச்சம் இருப்பதைத்தான் திரும்புவதற்குச் செலவழிக்க முடியும். சம்பளத்துக்கு மேல் செலவு போனால் டயர் சறுக்கும்.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சம்பளம் பத்து ரூபாய் என்று கொள்வோம். ஆறு ரூபாயைப் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சுவது எவ்வளவு? வீட்டுக் கணக்கில் நான்கு. டயரின் கணக்கில் எட்டு! பிரேக்கின் விசை பின்னோக்கியும் திரும்பும் விசை பக்கவாட்டிலும் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விசைகளைப் பித்தாகரஸ் முறையில்தான் கூட்ட வேண்டும். ஆறின் வர்க்கம் முப்பத்தாறு, எட்டின் வர்க்கம் அறுபத்துநான்கு, கூட்டினால் நூறு. அதாவது பத்தின் வர்க்கம். பள்ளியில் இதைப் படித்தபோது எதற்குப் பயன்படும் என்று கேட்காதவர்கள் குறைவு.

நல்ல ஓட்டுநரையும் சாதாரண ஓட்டுநரையும் பிரிப்பது இந்த எட்டு ரூபாய்தான். சாதாரண ஓட்டுநர் நேர்பாதையிலேயே பிரேக்கை முழுவதும் பிடித்து முடித்து, கையை எடுத்துவிட்டு, அதன் பிறகு வண்டியைச் சாய்ப்பார். பாதுகாப்பான முறைதான், நானும் புதியவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். ஆனால் பிரேக்கை விட்ட கணத்துக்கும் வண்டி முழுதாகச் சாய்ந்த கணத்துக்கும் இடையே டயருக்கு வேலையே இல்லை. தேர்ந்தவர் பிரேக்கை விடாமலேயே சாய்க்கத் தொடங்குவார். சாய்வு கூடக் கூட, பிரேக்கை அழுத்தும் விரல்கள் அதற்கேற்பத் தளரும். வளைவின் உள்விளிம்பை வண்டி நெருங்கும்போது விரல்களில் அழுத்தம் இருப்பதே தெரியாது. பத்து ரூபாயில் ஒரு காசும் வீணாகாமல், பிரேக்கிலிருந்து திருப்பத்துக்குச் செலவு மெல்ல மாறிக்கொண்டே போகும்.

"முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்த்துவிடும்" என்று நம் ஊரில் மாமா, சித்தப்பா, டிரைவிங் பள்ளி என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. அதனால் முன் டயர் தரையில் இன்னும் நன்றாக அழுந்தி, அதன் பிடிப்பு கூடுகிறது. பின் டயரின் பிடிப்பு குறைகிறது. நன்றாக நிறுத்தக்கூடியது முன் பிரேக்தான். கவிழ்ப்பது பிரேக் அல்ல, அதை வெடுக்கென்று பிடிக்கும் கை. பாரம் முன்னால் வந்து சேரக் கண நேரம் ஆகும். அதற்குள் முழு பலத்தையும் கேட்டால், இன்னும் வந்து சேராத சம்பளத்தைச் செலவழிப்பதாகும். முதலில் மென்மையாக, பிறகு இறுக்கமாக என்று பிடித்துப் பழகினால் தெருவிலும் பயன்படும். என் பேச்சில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் வளைவுகளை எண்களால் குறிப்பிடுவார்கள். சி-1, சி-2 என்று போகும். நீளமான நேர்பாதையின் முடிவில் வருவது சி-1. வலப்பக்கம் திரும்பும் வேகமான வளைவு. மற்ற வளைவுகளைப் பற்றி ஓட்டுநர்கள் தேநீர் குடித்துக்கொண்டே சாவகாசமாகப் பேசுவார்கள். சி-1 என்றால் குரல் கொஞ்சம் மாறும். ஏனென்றால், அங்கே அதிகம் பிரேக் பிடிக்கிறவர் பின்தங்குவார். நேர்பாதையின் வேகத்தில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டே வண்டியைச் சாய்க்க வேண்டும். அதிலிருந்து மூச்சு விடுவதற்குள் சி-2 வந்து நிற்கும். அதற்குக் கடுமையாக வேகம் குறைக்க வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 42 மீட்டர் கடந்துவிடுகிறது வண்டி. முன் சக்கரத்துக்கு எதிரே இருக்கும் தரையைப் பார்த்து அங்கே ஓட்ட முடியாது. சி-1க்குள் நுழையும்போதே கண் சி-2வைத் தேட வேண்டும்.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. வண்டி நீங்கள் பார்க்கும் இடத்துக்குத்தான் போகும். தடத்தின் விளிம்பைத் தாண்டிய புல்லைப் பார்த்துக்கொண்டே வளைந்தால் புல்லுக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆபத்தைக் கண்டதும் பார்வை அதிலேயே ஒட்டிக்கொள்வது மனித இயல்பு. கையும் உடம்பும் பார்வையின் பின்னாலேயே போகும். புதியவர்களுக்கு இந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் மிகக் கடினம். கழுத்தைத் திருப்பு, கழுத்தைத் திருப்பு என்று கத்திக் கத்தியே பயிற்சியாளர்களுக்குத் தொண்டை கட்டிவிடும்.

சாய்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. நூறு மீட்டர் ஆரம் உள்ள வளைவில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிர்ந்த நிலையிலிருந்து சுமார் 38 டிகிரி சாய வேண்டும். வேகத்தை 120 ஆக்கினால் சாய்வு சுமார் 49 டிகிரி ஆகிவிடும். ஓட்டுபவர் ஒல்லியா குண்டா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். வகுப்பில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. உலக அளவிலான மோட்டோ ஜிபி பந்தயங்களில் 60 டிகிரிக்கும் மேல் சாய்க்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாதி இறங்கி, முழங்காலைத் தரையில் உரசிக்கொண்டு போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது படத்துக்காகச் செய்வதல்ல. உடம்பை உட்பக்கம் கொண்டுபோனால், அதே வேகத்துக்கு வண்டி கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று சொல்லும் அளவுகோல்தான் முழங்கால்.

இதைவிட வியப்பானது திரும்பத் தொடங்கும் விதம். வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது முன் சக்கரத்தை ஒரு கணம் இடப்பக்கம் திருப்ப வேண்டும். வண்டி உடனே வலப்பக்கம் சாயும், பிறகு தானாகத் திரும்பும். சந்தைக்குக் கீரைக்கட்டு ஏற்றிப் போகிறவர் முதல் பந்தய வீரர் வரை, ஓரளவு வேகத்தில் போகும் எல்லோரும் இப்படித்தான் திரும்புகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

எம்.ஆர்.எஃப் நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்வதில்தான் தொடங்கியது. இன்று தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு டயர் தருகிறது. பந்தய டயரின் ரப்பர் சூடான பிறகுதான் முழுப் பிடிப்பைத் தரும். குளிர் நாடுகளில் அதற்கென்று மின்சாரப் போர்வையைச் சுற்றி வைக்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் தார்த்தளமே பாதி வேலையைச் செய்துவிடும். அந்த வெயிலில் உடலோடு ஒட்டிய தோல் உடையும் கையுறையும் ஹெல்மெட்டும் அணிந்து வரிசையில் காத்திருப்பதுதான், என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் உண்மையான கொடுமை.

விழுவது இரண்டு வகை. முன் டயர் நழுவினால் வண்டி படுத்துக்கொண்டு உங்களை விட்டு விலகிப் போகும், நீங்கள் தரையில் சறுக்கிப் போவீர்கள். தோல் உடை தாங்கும். பின் டயர் சறுக்கியதும் பதறி ஆக்சிலேட்டரை மூடினால் நிலைமை வேறு. சறுக்கிய டயர் திடீரென்று பிடிப்பைத் திரும்பப் பெறும், சாய்ந்த வண்டி துள்ளி நிமிரும், ஓட்டுநரைத் தூக்கி எறியும். எலும்பு முறிவுகள் பலவும் இதில்தான்.

உயிரும் போகும். 2023இல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். ஜனவரியில் கார் பந்தயத்தில் மூத்த ஓட்டுநர் ஒருவர். ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன். உலக அளவில் 2021இல் இளம் ஓட்டுநர்கள் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகு, கிராண்ட் பிரீ பந்தயங்களுக்கான குறைந்தபட்ச வயதை 2023 முதல் 18 ஆக உயர்த்தினார்கள். சிறுவர்களுக்குச் சிறிய வண்டியும் சிறிய தடமும் போதும் என்பது என் கட்சி. சின்ன வயதில் தொடங்காவிட்டால் உலகத் தரத்தை எட்ட முடியாது என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் என் கட்சியை மாற்றிக்கொள்ளமாட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியற்காலையில் பறக்கும் தம்பிகளைப் பற்றிப் பேசாமல் போனால் வானொலி நிலையத்தார் வருத்தப்படுவார்கள். அவர்களைத் திட்டுவது எளிது. அவர்கள் துணிச்சலில் எனக்குக் குறை இல்லை, கணக்கில்தான் குறை. தடத்தில் பத்து ரூபாய் என்றால் பத்து ரூபாய். இன்றைக்கும் நாளைக்கும் அதே தார், அதே வளைவு, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். கொடி காட்ட ஆள் நிற்கிறார்: மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். கடற்கரைச் சாலையில் அடுத்த வளைவில் மணல் பரவிக் கிடந்தால் உங்கள் சம்பளம் இரண்டு ரூபாய்தான். அது வண்டியைச் சாய்த்த பிறகுதான் தெரியும். எதிரே வரும் பஸ் எந்தக் கணக்கிலும் வராது.

"அப்படியென்றால் தடத்துக்குப் போங்கள்" என்று சொல்லிவிடலாம். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. தோல் உடை, நல்ல ஹெல்மெட், டயர், தடத்துக்கான கட்டணம் எல்லாம் சேர்ந்தால் சாதாரண வீட்டுப் பையனுக்கு எட்டாத தொகை. பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் ஹெல்மெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு விலை கேட்டுத் திரும்பும் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். டிவிஎஸ், ஹோண்டா, ராயல் என்ஃபீல்டு போன்ற நிறுவனங்கள் ஒரே மாதிரி வண்டிகளைக் கொடுத்து நடத்தும் பந்தயங்கள்தான் இவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு. வண்டி எல்லோருக்கும் ஒன்றே என்பதால் அப்பாவின் பணம் அங்கே குறைவாகத்தான் பேசும். ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் என்று பலமுறை தேசியப் பட்டம் வென்றவர்களைக் கொடுத்த ஊர் இது. அலிஷா அப்துல்லா ஆண்களோடு சரிசமமாகப் போட்டியிட்டதும் இங்கேதான். வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், திருவொற்றியூரில் டயர் செய்கிறார்கள். ஓட்டக் கற்றுக்கொள்ள மலிவான ஒரு சின்னத் தடம் மட்டும் இவ்வளவு பெரிய நகரத்தில் ஏன் இருக்கக் கூடாது என்று நான் பலரிடம் கேட்டுவிட்டேன். இப்போது வானொலியிலும் கேட்டாயிற்று.

பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்பாதைக்கு எதிரே நிற்காதீர்கள். அங்கே சத்தம் மட்டும்தான் கிடைக்கும். வளைவுக்கு முன்பு ஓட்டுநர்கள் பிரேக் பிடிக்கும் இடம் தெரிகிற பக்கமாக நில்லுங்கள். பந்தய வண்டியில் விளக்குகளைக் கழற்றிவிடுவார்கள் என்பதால் பிரேக் பிடிப்பது சிவப்பு வெளிச்சமாகத் தெரியாது. முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் குழாய்களான ஃபோர்க்கைக் கவனியுங்கள். பிரேக் பிடித்ததும் அது அமுங்கும். பிறகு வண்டி சாயும்போது அது பொசுக்கென்று மேலே எழும்பினால் அவர் பிரேக்கை ஒரேயடியாக விட்டுவிட்டார் என்று பொருள். சாயச் சாய மெல்ல எழும்பினால் அவர்தான் எட்டு ரூபாயின் கணக்கு தெரிந்தவர். நான்கைந்து சுற்றுகள் இப்படிப் பார்த்துவிட்டு, யார் முன்னே வருவார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் பந்தயம் கட்டலாம். தேநீருக்கு மட்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.